தொடையில ஊசி விட்டு தசை எடுக்குற பயாப்ஸி: லெக் டே விடாத ஆளோட ரிவ்யூ

தசை எடுத்தா கால் பலம் போயிடுமான்னு எல்லாரும் கேக்குற கேள்விக்கு மொதல்லயே பதில் சொல்லிடுறேன், ஏன்னா இதைத் தேடி வர்றவங்க முக்காவாசி ஜிம் ஆளுங்க, இல்லன்னா சைக்கிள், ஓட்டம்னு திரியுறவங்க, ஏதோ ஒரு ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் லேப்ல "ஒரு ஸ்டடி இருக்கு, தொடையில கொஞ்சூண்டு தசை எடுப்போம், வர்றீங்களா"ன்னு கேட்டிருப்பாங்க, உடனே இவங்களுக்கு வருஷக்கணக்குல ஏத்தி வெச்ச ஸ்குவாட் நம்பர் (வெயிட்டோட உக்காந்து எந்திரிக்கிறப்ப தூக்குற எடை) கண்ணு முன்னாடி வந்து நிக்கும். கால் பலம் போகாது. ரெண்டு மூணு நாள் அந்தக் கால் நம்ம பேச்சைக் கேக்காது, அவ்ளோதான். ஆனா அந்த ரெண்டு மூணு நாள் எவ்ளோ மோசமா இருக்கும்ங்கிறது ஊசி விடுறவர் கையிலயும், முடிஞ்சப்புறம் நம்மள எப்படிக் கட்டி அனுப்புறாங்கங்கிறதுலயும்தான் இருக்கு. அதனாலதான் இதையும் ஒரு சர்வீஸாவே வெச்சு ரிவ்யூ எழுதுறேன். ரெண்டு வேற வேற லேப்ல இதுக்குப் படுத்திருக்கேன், ஒண்ணு ஓகே, இன்னொண்ணு சொதப்பல். பேரு சொல்ல மாட்டேன், இன்பாக்ஸ்ல வந்து கேக்காதீங்க.

இது என்னமோ புதுசா கண்டுபிடிச்ச சமாச்சாரம்னு நெனைக்க வேணாம். 1860கள்லயே பிரான்ஸ்ல டுஷென்னு ஒரு டாக்டர், ஒரு தசை நோய்க்கே அவர் பேருதான் இருக்கு, அவரு உடம்பைப் பெருசா கிழிக்காம தசையை எடுக்க ஒரு ஊசி செஞ்சு வெச்சிருந்தார். அப்புறம் அது ரொம்ப காலம் கிடப்புல கிடந்து, 1962ல ஸ்வீடன்ல யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் அதைத் திருத்தி மறுபடி கொண்டு வந்தார், இன்னிக்கும் நெறைய லேப்ல "பெர்க்ஸ்ட்ரோம் நீடில்"னு கையில எடுக்குறது அந்த டிசைன்தான். இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது 1966ல அவரும் எரிக் ஹல்ட்மானும் தங்கள் மேலயே பண்ணிக்கிட்ட டெஸ்ட். ஒரே சைக்கிள்ல ரெண்டு பக்கமும் ஆளுக்கொருத்தர், ஆளுக்கு ஒரு கால், சுத்தமா முடியாமப் போற வரைக்கும் மிதி மிதின்னு மிதிச்சிருக்காங்க, இன்னொரு காலுக்கு லீவு. அப்புறம் மூணு நாள் மாவுச்சத்தா சாப்ட்டு ரெண்டு கால்லயும் தசை எடுத்துப் பாத்தா, உழைச்ச கால்ல க்ளைக்கோஜன் (தசை சேத்து வெக்கிற மாவுச்சத்து எரிபொருள்) சும்மா இருந்த காலை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. மாரத்தான்காரங்க ரேஸுக்கு முன்னாடி கார்ப் லோடிங்னு அள்ளி அள்ளி சாப்புடுறாங்களே, அதுக்கு வேர் அங்கதான் இருக்கு. கண்டுபிடிச்ச ஆளுங்களே தன் தொடையைக் குடுத்திருக்காங்கன்றதால இந்த ஊசி மேல எனக்கு ஒரு தனி மரியாதை.

சரி, படுத்தா என்ன நடக்குது. தொடையோட வெளிப்பக்கம், முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவுல, வாஸ்டஸ் லேட்டரலிஸ்னு சொல்ற தசைதான் டார்கெட், ஏன்னா அது பெருசு, மேலாப்புல இருக்கு, பெரிய ரத்தக்குழாயும் பெரிய நரம்பும் அந்த இடத்துல குறுக்க வராது. ஷேவ் பண்ணுவாங்க, கிருமிநாசினி தடவுவாங்க, அப்புறம் மரத்துப்போற ஊசி, லிடோகெய்ன். மொத்த வேலையிலயும் நல்லா எரியுறது இந்த ஊசிதான், ஒரு இருபது முப்பது செகண்ட் பல்லைக் கடிச்சுக்கிட்டா போயிடும். இங்க ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிட்டா நல்லாருக்கும், நெறைய இடத்துல சொல்ல மாட்டாங்க: மரத்துப்போறது தோலும் அதுக்கு அடியில இருக்குற உறையும்தான், ஃபேஷியான்னு சொல்வாங்களே அது. தசைக்குள்ள மருந்தை இறக்க மாட்டாங்க, எடுக்குற சாம்பிள்ல மருந்து கலந்துட்டா அப்புறம் லேப்ல பாக்குறது எதுவும் நம்புற மாதிரி இருக்காதுன்னு. அதனால தோல்ல ஒண்ணுமே தெரியாது, உள்ள போனதும் தெரியும்.

பிளேடு வெச்சு அரை சென்டிமீட்டர்லேர்ந்து ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் சின்னதா ஒரு கீறல், அது வழியா சுமார் 5 மி.மீ குறுக்களவுல ஒரு ஊசி. ஊசின்னு சொல்றோமே தவிர அது ஒரு குழாய், பக்கவாட்டுல ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை, உள்ள வழுக்கிக்கிட்டு வர்ற ஒரு கத்தி. பின்னாடி சிரிஞ்ச் மாட்டி காத்தை இழுத்தா தசை அந்த ஜன்னலுக்குள்ள வந்து உக்காரும், உள் கத்தியைத் தள்ளினா வெட்டிடும். இந்த காத்து இழுக்குற டெக்னிக் 1980கள் ஆரம்பத்துல சேந்தது, அதனால ஒரே குத்துல நல்ல அளவு கிடைக்குது, இல்லன்னா திரும்பத் திரும்ப உள்ள விடணும். உள்ள இருக்குற நேரம் சில செகண்டுதான். கூர்மையான வலி கிடையாது, யாரோ உள்ளேர்ந்து அமுக்குற மாதிரி, திடீர்னு தசை பிடிச்சுக்கிட்ட மாதிரி, சகிக்காத ஒரு ஃபீலிங், ஆனா "ஐயோ"ன்னு நெனைக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். எடுத்ததைப் பாத்தீங்கன்னா இவ்ளோதானான்னு தோணும், நூறு இருநூறு மில்லிகிராம், அதை உடனே மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல போட்டுடுவாங்க, ஏன்னா வெளிய வந்த நிமிஷத்துலேர்ந்து உள்ள இருக்குற கெமிஸ்ட்ரி மாற ஆரம்பிச்சிடும்.

அந்த நேரத்துல நாம செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, தொடையை லூஸா விடணும். ட்ரெய்ன் பண்ற ஆளுங்களுக்கு இதுதான் கஷ்டம், வலி வரும்னு நெனச்சாலே குவாட்ஸ், அதாவது தொடை முன்பக்கத் தசைங்க, தானா முறுக்கிக்கும், முறுக்கின தசையில ஊசி போனா வலியும் ஜாஸ்தி, சாம்பிளும் சரியா வராது. மொதல் லேப்ல இருந்தவர் இதை ரொம்ப அழகா ஹேண்டில் பண்ணாரு, கால் விரலை ஆட்டச் சொன்னாரு, லாஸ்ட்டா என்ன வெயிட் தூக்கினேன்னு பேச்சு குடுத்துக்கிட்டே இருந்தாரு, நான் பதில் சொல்றப்ப வேலை முடிஞ்சிருச்சு. ரெண்டாவது லேப்ல "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்"னு அதட்டுனாங்க. அதட்டி யாரும் ரிலாக்ஸ் ஆனதா எனக்குத் தெரியல.

இப்ப பலம் விஷயத்துக்கு வருவோம், இதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதணும்னு உக்காந்தேன். சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 5 மி.மீ ஊசியோட குறுக்குவெட்டு சுமார் 0.2 சதுர சென்டிமீட்டர். நல்லா ட்ரெய்ன் பண்ண ஒரு ஆளோட வாஸ்டஸ் லேட்டரலிஸ் மட்டுமே குறுக்குவெட்டுல முப்பது சதுர சென்டிமீட்டர் பக்கம் வரும், அப்ப அந்த ஒரு தசையிலயே ஊசி தொடுற பகுதி நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. முட்டியை நீட்டுறது இந்த ஒரு தசை மட்டுமா, குவாட்ரிசெப்ஸ்ல மொத்தம் நாலு பேர் இருக்காங்க, அந்த மொத்தத்தையும் வெச்சுப் பாத்தா கால் சதவீதம் மாதிரிதான் வரும். எடையில பாத்தா இன்னும் சிரிப்பு வரும், ஒரு கிலோவுக்கு மேல இருக்குற குவாட்ஸ்லேர்ந்து கிராம்ல பத்துல ஒரு பங்கு. அந்த தசையில நார் பல லட்சம் இருக்கு, அறுபடுறது அதுல ரொம்பக் கொஞ்சம், அறுந்த இடத்தையும் சேட்டிலைட் செல்லுங்க வந்து சரி பண்ண ஆரம்பிச்சிடும், லெக் டே முடிஞ்சா பண்ற அதே ரிப்பேர் வேலைதான். அதுபோக ஒரு நார் தன் இழுவிசையை ரெண்டு முனையில மட்டும் குடுக்கிறதில்ல, பக்கத்துல இருக்குற இணைப்புத் திசு வழியாவும் கடத்துது, அதனால நடுவுல நாலு நார் அறுந்தா மொத்தக் கயிறும் போச்சுன்னு ஆகாது.

அப்ப மறுநாள் ஏன் கால் வீக்கா ஃபீல் ஆகுது? தசை போனதால இல்ல, வலியால. வலி இருக்குற இடத்துக்கு மூளையும் தண்டுவடமும் முழு கரண்ட் குடுக்காது, நாம எவ்ளோ வெறியா தள்ளினாலும் அது கொஞ்சம் பிடிச்சுத்தான் வைக்கும். கூடவே உறைக்கு அடியில லேசா ரத்தம் கட்டி, வீங்கி, உள்ள இறுக்கமா இருக்கும். கட்டில் முனையில தொடையை பலமா இடிச்சுக்கிட்டா மறுநாள் எப்படி இருக்குமோ அச்சு அசல் அதேதான். இதுல எல்லா அசைவும் ஒரே மாதிரி பாதிக்காது, அதை யாரும் எழுதி நான் பாக்கல: நேரா நடக்குறதுல ஒண்ணும் பெருசா தெரியாது, மாடிப்படி ஏறுறது பரவால்ல, எறங்குறதுதான் சோதனை, ஏன்னா அப்ப தசை நீண்டுக்கிட்டே எடையைத் தாங்கணும். ஸ்குவாட்ல பாதி வரைக்கும் ஒண்ணுமில்ல, அடியில போயி முட்டி முழுசா மடங்குறப்ப அந்த இடம் இழுபடும், அங்க கால் தானா அந்தப் பக்கத்து எடையை இன்னொரு காலுக்குத் தள்ளப் பாக்கும். சைக்கிள் ரொம்ப ஈஸி. ஜம்ப், ஸ்ப்ரிண்ட் மாதிரி சட்டுனு முழு பலம் போடுற வேலையிலதான் தயக்கம் ரொம்பத் தெரியும், மெதுவா தள்ளுற லெக் பிரஸ்ல அவ்வளவா தெரியாது.

இன்னொரு விசித்திரம், எடுத்த உடனேயே கால் நல்லாத்தான் இருக்கும். எக்ஸர்சைஸுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு தசை எடுக்குற ஸ்டடி ஏகப்பட்டது உண்டு, அதுல பிளாஸ்திரி போட்டு அப்படியே சைக்கிள்ல ஏத்தி விட்டுடுவாங்க, ஜனங்க நல்லாவே மிதிச்சிடுவாங்க, மரத்த மருந்து ஒண்ணு ரெண்டு மணி நேரம் காப்பாத்தும். கணக்கு தீர்க்குறது அன்னிக்கு ராத்திரியும் மறுநாளும்தான்.

ரெண்டாவது லேப் மேல எனக்கு இருக்குற பெரிய கடுப்பு இங்கதான். பயாப்ஸி எடுத்த மறுநாளே அதே கால்ல மேக்ஸ் டெஸ்ட் போட்டாங்க, டைனமோமீட்டர்னு பலத்தை அளக்குற மெஷின்ல உக்கார வெச்சு, பெல்ட் எல்லாம் கட்டி, நொடிக்கு 60 டிகிரி வேகத்துல முட்டியை முழு பலத்தோட நீட்டணும். மொதல் ரெண்டு தள்ளுல கால் எனக்கே சொந்தமில்லாத மாதிரி இருந்துச்சு, மூணாவதுலேர்ந்து சூடாகி சரியா வந்துச்சு, ஆனா அதுக்குள்ள "போன தடவையை விட கம்மி"ன்னு எழுதிக்கிட்டாங்க. இதுல நான் கேட்டது சிம்பிளான கேள்வி: கம்மியானது ட்ரெய்னிங்கால வந்த களைப்பா, நீங்க நேத்து விட்ட ஊசியா, இல்ல சாதாரணமாவே நாளுக்கு நாள் மாறுற ஏற்ற இறக்கமா? ஒரே ஆள், ஒரே மெஷின், எதுவுமே பண்ணாம ரெண்டு நாள் டெஸ்ட் எடுத்தாலும் சில சதவீதம் ஏறும் எறங்கும், தூக்கம், காபி, மூடு எல்லாம் அதுக்குள்ள இருக்கு. ஊசியால வர்ற வித்தியாசமே அந்த சில சதவீதத்துக்குள்ள இருந்தா அதை எப்படிப் பிரிச்சுப் பாப்பீங்க? இதுக்கு சும்மா தலையாட்டினாங்க. மொதல் லேப்ல அப்படி இல்ல, பலம் பாக்குற டெஸ்ட் எல்லாத்தையும் பயாப்ஸிக்கு முன்னாடியே முடிச்சிட்டாங்க, அதுக்கப்புறம் வேணும்னா சில நாள் இடைவெளி விட்டாங்க, மத்த காலையும் கூடவே டெஸ்ட் பண்ணி ஒப்பிட்டாங்க. அதுதான் முறை. இதுல மனசோட வேலையும் இருக்குங்கிறதை மறந்துடக் கூடாது, தொடையில கட்டு போட்டிருக்குறது நமக்கே தெரியும், தெரியாம யாருக்கும் பயாப்ஸி எடுக்க முடியாது, "இன்னிக்கு கம்மியாத்தான் வரும்"னு நெனச்சுக்கிட்டு உக்காந்தாலே கம்மியாத்தான் வரும்.

திரும்பத் திரும்ப எடுக்குற ஸ்டடின்னா இன்னும் உஷாரா இருங்க. ஒரே இடத்துல மறுபடி குத்தக் கூடாது, கொறஞ்சது ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளி எடுக்கணும், முடிஞ்சா கால் மாத்தி எடுக்கணும். இது நம்ம வலிக்காக மட்டும் இல்ல. 1988ல டேவிட் காஸ்டில் குழு போட்ட பேப்பர் ஒண்ணு உண்டு, பயாப்ஸி எடுத்த இடத்தை ஒட்டி க்ளைக்கோஜன் சரியா சேர மாட்டேங்குதுன்னு காட்டினாங்க, அதாவது ஊசியே அந்த இடத்தைக் கொஞ்ச நாளைக்கு மாத்திடுது. குத்தினதால தசைக்குள்ள வர்ற வீக்கத்தோட சிக்னலும் அப்படியேதான், பக்கத்துலயே மறுபடி எடுத்தா நீங்க பாக்குறது ட்ரெய்னிங்கோட பலனா பழைய குத்தோட பலனான்னு தெரியாது. எங்கிட்ட மொதல்ல எடுத்த இடத்தை ஸ்கேல் வெச்சு அளந்து குறிச்சுக்கிட்டாங்க, அந்த ஒரு காரியத்துக்கே மொதல் லேப்புக்கு அரை ஸ்டார் ஜாஸ்தி போடலாம்.

ஊசியிலயும் வகை இருக்கு, கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. பெர்க்ஸ்ட்ரோம் பெருசு, கீறல் வேணும், தசை நெறைய வரும். கொன்கோடோம்னு இடுக்கி மாதிரி ஒண்ணு, அதுக்கும் கீறல் வேணும். மூணாவது மைக்ரோ பயாப்ஸி, ஸ்பிரிங் வெச்ச மெல்லிசான ஊசி, கீறலே இல்ல, டப்புனு ஒரு சத்தம், பத்து இருபது மில்லிகிராம்தான் வரும், மறுநாள் வலி ரொம்பக் கம்மி. ஆனா அவ்ளோ சின்ன சாம்பிள்ல எல்லா டெஸ்ட்டும் பண்ண முடியாது, அதனால ரெண்டு மூணு தடவை உள்ள விட வேண்டி வரலாம். சீசன் நடுவுல இருக்குற ஆளுன்னா இதைத் தவிர வேற எதுக்கும் ஒத்துக்காதீங்கன்னு சொல்வேன்.

முடிஞ்சப்புறம் கவனிக்குறதுலதான் மார்க் போகுது வருது. எடுத்த உடனே பத்து நிமிஷத்துக்குக் குறையாம அழுத்திப் பிடிக்கணும், நல்லா அழுத்தி, சும்மா பஞ்சை வெச்சுக்கிட்டு நிக்கிறது இல்ல. எக்ஸர்சைஸ் முடிஞ்ச உடனே எடுத்தா ரத்த ஓட்டம் ஜாஸ்தியா இருக்கும், இன்னும் நேரம் பிடிக்கணும். அப்புறம் கீறலை ஒட்டுற பட்டை, மேல இறுக்கமா கட்டு, ஐஸ். மொதல் லேப்ல இதெல்லாம் பண்ணி, வீட்டுக்குப் போனப்புறம் என்னென்ன பண்ணக் கூடாதுன்னு ஒரு தாள்லயும் எழுதிக் குடுத்தாங்க: ஒண்ணு ரெண்டு நாள் கால் வொர்க்அவுட் வேணாம், சில நாளைக்கு நீச்சலும் தண்ணியில ஊற வெக்குறதும் வேணாம், குளிச்சா நனையாம பாத்துக்கணும், வலிக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேணாம், ரத்தம் கட்டுறதைக் கூட்டும். ரெண்டாவது லேப்ல அழுத்தினது ஒரு ரெண்டு நிமிஷம் இருக்கும், கட்டும் லூசு, மறுநாள் பாத்தா உள்ளங்கை அளவுக்கு ஊதா கலர்ல கன்னிப் போயிருந்துச்சு, அதுவே கீழ எறங்கி முட்டிப் பக்கம் மஞ்சளா மாறி அப்புறம்தான் போச்சு. ஒரே வேலை, ஒரே மாதிரி ஊசி, கட்டு போட்டதுல வந்த வித்தியாசம் அது.

கூடவே குடுக்குற ரிப்போர்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை. ஃபாஸ்ட் ஃபைபர் (வேகமா சுருங்குற நார்) இவ்ளோ, ஸ்லோ ஃபைபர் (மெதுவா சுருங்குற நார்) இவ்ளோன்னு சதவீதம் போட்டுத் தருவாங்க, பாக்க கெத்தா இருக்கும். தூர ஓட்டக்காரங்களுக்கு ஸ்லோ ஜாஸ்தி, ஸ்ப்ரிண்டர்களுக்கு ஃபாஸ்ட் ஜாஸ்திங்கிறது 1970கள்லயே இதே பயாப்ஸியால தெரிஞ்ச விஷயம், உண்மைதான். ஆனா ஒரு தசைக்குள்ளயே இடத்துக்கு இடம், ஆழத்துக்கு ஆழம் இது மாறும், ஒரு குத்துல வந்த சில நூறு நாரை எண்ணிட்டு "நீங்க ஸ்ப்ரிண்ட்டுக்குப் பொறந்தவர்"னு சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. இந்த ரிப்போர்ட்டுக்காக மட்டும் போறதா இருந்தா போகவே வேணாம்.

யாரு போகக் கூடாதுன்னா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்குறவங்க, ரத்தம் சீக்கிரம் நிக்காத பிரச்சனை உள்ளவங்க, மரத்துப்போற மருந்து ஒத்துக்காதவங்க, காயம் ஆறினா தழும்பு தடிச்சு வளர்ற உடம்பு உள்ளவங்க. பெரிய சிக்கல் அரிதுதான், ஆனா பூஜ்யம் இல்ல: இன்ஃபெக்ஷன், பெரிய ரத்தக்கட்டு, உறையில விழுந்த ஓட்டை வழியா தசை லேசா புடைச்சுக்கிட்டு நிக்கிறது, சின்ன நரம்பு அறுந்து தோல்ல ஒரு பகுதி மரத்தாப்ல இருக்குறது. கடைசியா சொன்னது எனக்கும் இருந்துச்சு, மாசக்கணக்குல இருந்துட்டு அதுவா போயிடுச்சு. படுத்தப்புறமும் "வேணாம்"னு எந்திரிச்சு வர உரிமை இருக்கு, காரணம் கூட சொல்ல வேண்டியதில்ல, 1964ல போட்ட ஹெல்சிங்கி பிரகடனத்துலேர்ந்து வர்ற விதிமுறை அது, ஃபார்ம்லயும் எழுதியிருப்பாங்க, படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

மொத்தத்துல மொதல் லேப்புக்கு அஞ்சுக்கு நாலரை, ரெண்டாவதுக்கு ரெண்டு, அதுவும் ஊசி விட்ட கை சுத்தமா இருந்ததுக்காக. போட்டிக்கு முன்னாடி இருக்குற வாரங்கள்ல யாரு கூப்ட்டாலும் போகாதீங்க, பலம் போயிடும்னு இல்ல, நடுவுல ரெண்டு நல்ல லெக் செஷன் வீணாகும். ஆஃப் சீசன்ல தாராளமா போலாம், போறதுக்கு முன்னாடி அட்டவணையை வாங்கி பயாப்ஸிக்கும் மேக்ஸ் டெஸ்ட்டுக்கும் நடுவுல எத்தனை நாள், எந்தக் கால்னு மட்டும் கேட்டுக்கோங்க. அப்புறம், லூசான ஷார்ட்ஸ் போட்டுட்டுப் போங்க, டைட் ஜீன்ஸ் போட்டுட்டு வந்த ஒருத்தர் கட்டு போட்ட தொடையை அதுக்குள்ள திரும்ப நுழைக்க பட்ட பாட்டை நான் பாத்தேன். ஷேவ் பண்ண இடத்துல முடி முளைக்கிறப்ப பயங்கரமா அரிக்கும், அதை எந்த லேப்லயும் எழுதித் தர்றதில்ல.